அம்பு போட்ட கை

"எல்லாம் ரெடிம்மா. வளையம் மாட்டுறது ஒண்ணுதான் பாக்கி. சாயங்காலம் ஆளை அனுப்பிடுங்க."

போனை வைத்த கையோடு, தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்து, "ஆண்டவரே, பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடும்" என்றார் கர்ட்டன் அக்கா. பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து, கத்தரிக்கோலின் முகத்தையே பார்த்திராத ஒரு துணிச் சுருளை இழுத்து மேசைமேல் போட்டார். போனில் பேசிய அம்மாள் சாயங்காலம் ஆள் அனுப்பி வாங்கப்போகிற திரைச்சீலை அதுதான்.

அக்காவின் திரைச்சீலைக் கடைக்கு நேர் மேலே, மாடியில், நான் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். அக்காவின் மிஷின் ஓடினால் என் மேசை அதிரும். அக்கா ஜெபித்தால் என் காது அதிரும். மனசுக்குள் ஜெபிக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. "எனக்கே கேக்காத ஜெபம் அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்பார். ஆகவே கீழே நடக்கிற பாவங்களும் அவற்றுக்கான மன்னிப்பும் உடனுக்குடன் எனக்கும் தெரிந்துவிடும். துணிக்கடைக்காரரைத் திட்டியது, எதிர்வீட்டுக்காரியின் புதுப் புடவையைப் பார்த்து வயிறு எரிந்தது, சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு கேக் தின்றது என்று ஒன்று விடாமல் வரும். முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. இப்போது ஒருநாள் சத்தம் வராவிட்டால், அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.

ஒருமுறை பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "தினம் அதே பொய்யைச் சொல்லி, தினம் அதே மன்னிப்பைக் கேட்டா அவருக்குச் சலிச்சுப் போகாதாக்கா?"

அக்கா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சலிக்கிற ஆளா இருந்தா என்னைப் படைச்ச அன்னைக்கே சலிச்சிருக்கும் மாடிக்காரரே. நீங்க போய் உங்க கதையை எழுதுங்க. அதுல எவ்வளவு பொய் இருக்கோ, நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டு மாடியேறுவது எனக்குப் புதிதல்ல.

ஆள் நல்ல கனம். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார், முழங்கால் அப்படி. கண்ணாடி கீழே விழாமலிருக்க அதன் இரண்டு காதுகளையும் ஒரு எலாஸ்டிக் பட்டையால் இணைத்துத் தலையில் மாட்டியிருப்பார். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப். அதோடு ஆலயத்துக்கே வந்து, முதல் பாட்டு முடிந்த பிறகு பக்கத்திலிருப்பவர் சொல்லிக் கழற்றிப் பைக்குள் போட்ட நாளும் உண்டு. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. அந்தப் பெரிய மேசையும் இரண்டு மிஷின்களும்தான் குடும்பம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள்.

தொழிலில் அவருக்கு இருக்கிற தைரியத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஜன்னலை அளக்கப் போகிற வீட்டில் வீட்டுக்காரி நீலம் கேட்பாள். அக்கா வெயில் விழுகிற பக்கத்தை ஒரு தடவை பார்ப்பார். "நீலம் போட்டா ஆறு மாசத்துல வெளுத்துப் போய், நான் ஏமாத்திட்டேன்னு என்னைத் திட்டுவ. பழுப்பு போடு" என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் பழுப்புக்கு அளவெடுக்கத் தொடங்கிவிடுவார். வங்கிக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அங்கே தொங்குகிற திரையின் அடி மடிப்பைத் திருப்பிப் பார்க்காமல் வரமாட்டார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இதை யார் தைச்சது? கொலை பண்ணியிருக்கான்" என்று அவர் சொன்னதில் டாக்டர் பயந்துபோய் மறுபடி முதலிலிருந்து பார்த்தாராம்.

எங்கள் இருவருக்கும் ஒரே சபை. நான் கடைசி வரிசை ஆள், தாமதமாக வருவதற்கு அதுதான் வசதி. அக்காவுக்கு முன்வரிசை. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து நாட்களில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, சபை முழுவதும் ஒரே முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே அக்காவின் குரல் தனியாகக் கேட்கும். அச்சடித்த வரிகள் அவருக்குப் போதாது. நடுநடுவே தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொள்வார். "சிந்தனையிலும் சொல்லிலும் செயலிலும்" என்று எல்லாரும் சொல்லி முடித்த பிறகும், "அந்த மெத்தைக் கடைக்காரன் விஷயத்துலயும்" என்று அவர் குரல் மட்டும் பின்தங்கி வரும். அன்றைக்கெல்லாம் அவரைச் சுற்றியுள்ள இருக்கைகள் சீக்கிரமே நிரம்பிவிடும். பக்தியால் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு வாரம் முன்வரிசையை விட்டார். வலப்பக்கம் ஒரு பெரிய தூண் இருக்கிறது. அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் போதகரும் தெரியமாட்டார், பீடமும் தெரியாது. பாவ அறிக்கையில் அவருடைய குரலும் காணாமல் போயிற்று. முழங்கால் வலி, தூணில் சாய்ந்துகொள்ளத் தோதாக இருக்கிறது என்றார். நானும் நம்பினேன். நம்பக்கூடிய முழங்கால்தான் அது.

காரணம் பீடத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆலயத்தைப் புதுப்பித்தபோது, பீடத்துக்குப் பின்சுவர் முழுவதையும் மூடுகிற மாதிரி பெரிய வெல்வெட் திரை ஒன்று தைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார்கள். கருஞ்சிவப்பு. அவ்வளவு அகலத்துக்கு ஒரே துணி கிடைக்காது. நீள நீளமாக வெட்டி அருகருகே வைத்து இணைக்க வேண்டும். அந்த நாட்களில் கடையில் இன்னொரு ஆளும் உண்டு. அக்காவுடைய தம்பியின் மனைவி. தம்பி பஸ் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். மனைவி அவரைவிடக் குறைவாகப் பேசுவார். ஆனால் தையல் என்றால், அந்தப் பெண் தைத்த கோட்டில் ரூல்தடி வைத்துப் பார்க்கலாம். அக்கா வெட்டுவார், தம்பி மனைவி தைப்பார். "எனக்கு வாய், அவளுக்குக் கை. ஆண்டவர் பிரிச்சுக் குடுத்துட்டார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா பெருமையடித்துக்கொள்வார். மத்தியானத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவதை ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே வெல்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேலுள்ள ரோமம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். பூனை முதுகைத் தடவுகிற மாதிரி ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் கையை மறிக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே வாக்கில், ரோமம் கீழ்நோக்கிப் படுத்திருக்கும்படி வைத்து இணைத்தால்தான் நிறம் ஒன்றாகத் தெரியும். ஒரு துண்டு தலைகீழாகப் போய்விட்டால் அது மட்டும் கறுத்துத் தெரியும், ஏதோ வேறு கடையில் வாங்கிய துணி போல. இந்த வம்பே வரக்கூடாது என்றுதான் வெட்டும்போதே ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் மெழுகுச் சாக்கட்டியால் ஓர் அம்பு போட்டுவிடுவார்கள். அம்பு காட்டுகிற பக்கம் மேலே. தைக்கிறவர் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அம்பைப் பார்த்தால் போதும்.

திரையை மாட்டிய அன்று நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மாட்டி முடித்து விளக்கைப் போட்டார்கள். நட்டநடுவில் ஒரு துண்டு மட்டும் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக இறங்கியிருந்தது. சபைச் செயலாளர், நல்ல மனிதர்தான், ஆனால் மனதில் பட்டதை அடுத்த மூச்சில் சொல்லிவிடுகிறவர். "என்னக்கா இது, ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா அந்தத் துண்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "தைச்சது நான் இல்ல."

கீழே உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு மடிப்பை முடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் கடைக்கு வரவில்லை. எங்கள் சபைக்கும் வருவதில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். திரையைப் பிரித்துத் தைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது, அப்படியே பழகிப்போயிற்று.

அக்கா சொன்ன அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தைத்தது அவர் இல்லைதான். ஆனால் அம்பு போட்டது அவர். பிற்பாடு அவரே எனக்குச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும் மேசையின் இந்தப் பக்கம் நின்று, தன்னை நோக்கி அம்பு போடுவது அவர் பழக்கம். அன்றைக்கு நடுத் துண்டை விரித்த நேரத்தில் போன் வந்திருக்கிறது. மேசையைச் சுற்றிப் போய் எடுத்து, யாரிடமோ வழக்கம்போல "எல்லாம் ரெடிம்மா" என்று சொல்லி, மின்விசிறியைப் பார்த்து மன்னிப்பும் கேட்டுவிட்டு, திரும்பி வராமல் அந்தப் பக்கமே நின்றபடி தன்னை நோக்கி அம்பைப் போட்டுவிட்டார். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் மேல் கீழாகிவிட்டது. தம்பி மனைவி அம்பைப் பார்த்துத் தைத்தார். அதன்மேல் லைனிங் துணி வைத்து மூடியும் ஆயிற்று. விளக்கைப் போட்ட அந்த நொடியே அக்காவுக்குத் தன் கை செய்தது தெரிந்துவிட்டது. தம்பி மனைவிக்கும் தெரியும், அம்பு போடுவது யார் என்று. வயதில் மூத்த அக்காவை நாலு பேர் நடுவில் காட்டிக்கொடுக்க மனம் வராமல் அந்தப் பெண் எழுந்து போய்விட்டார்.

பொய் என்றால் அக்காவுக்கு வழி தெரியும். அது தினப்படி வேலை. உண்மையைச் சொல்லி ஒருத்தியின் தலையில் பழியைப் போட்டால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கே புரியவில்லை. ஆகவே தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

இப்படியே காலம் போயிருக்கும். செயலாளர்தான் கெடுத்தார், அல்லது காப்பாற்றினார். ஒரு நாள் காலையில் மேசை விரிப்பு தைக்கக் கொடுப்பதற்காகக் கடைக்கு வந்தார். என் ஜன்னல் திரை இன்னும் வரவில்லையே என்று சண்டை போட நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அக்கா, நம்ம சபையில பொண்ணுங்களுக்குத் தையல் வகுப்பு ஆரம்பிக்கிறோமே, அதுக்கு டீச்சர் வேலைக்கு உங்க தம்பி வீட்டம்மாவும் கேட்டிருக்காங்க" என்றார். "ஆஸ்பத்திரியில வேலையைக் குறைக்கிறாங்களாம். வர சனிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டுப் பாக்குறோம். அவங்களையும் கூப்பிட்டிருக்கு, மரியாதைக்கு. ஆனா கமிட்டியில ஒருத்தருக்கும் மனசில்ல. எப்படி இருக்கும்? அந்தத் திரையைத்தான் வாராவாரம் பாக்குறாங்களே. இவங்க கத்துக்குடுத்தா புள்ளைங்க எல்லாத்தையும் தலைகீழாத்தான் தைக்கும்னு ஒருத்தர் சொல்றார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. விரிப்புக்கு அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். செயலாளர் போனார். உடனே போன் அடித்தது. திரை தயாரா என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லம்மா" என்றார் அக்கா. "இன்னும் வெட்டவே இல்ல."

நான் சண்டையை மறந்து அவரைப் பார்த்தேன். அந்தக் கடையில் அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. போனின் மறுமுனையிலிருந்த அம்மாளும் கேட்டிருக்கமாட்டாள்.

சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். கதவு இடிபட்டது. அக்கா. முழங்கால் வலிக்காரர் மாடியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"மாடிக்காரரே, ஏணி தூக்க ஆள் வேணும். கோயில் வரைக்கும்."

"ஏணியா? எதுக்கு?"

அப்போதுதான் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அம்பு, போன், "தைச்சது நான் இல்ல", எல்லாம். சொல்லும்போது அழவில்லை. ஆனால் இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் தலை குனிந்து எழுந்து போனதை நானும்தானே பார்த்தேன். அதோடு, உண்ட மயக்கத்தில் ஏணி தூக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஆண்டவர்கிட்ட கேட்டாச்சா?" என்றேன், கொஞ்சம் குத்தலாகவே.

"அன்னைக்கே கேட்டுட்டேன். அதுக்கப்புறமும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"மன்னிச்சாரா?"

"மன்னிச்சிட்டார்." சந்தேகத்தின் சாயலே இல்லாமல் சொன்னார், பழுப்புத் துணியைச் சொல்கிற அதே குரலில்.

"அப்போ முடிஞ்சுதே. எதுக்கு ஊரைக் கூட்டி ஏணி போட்டு மானத்தை வாங்கிக்கணும்? அந்தக் கோயில் வேலை, கல்யாண மண்டப வேலை எல்லாம் உங்க பேருக்குத்தானே வருது? நாளைக்கே போயிடும்."

"போகட்டும். என் பேரு நல்லா இருக்கறதுக்கு அவ பேரையில்ல கிழிச்சு ஒட்டுப் போட்டு வச்சிருக்கேன்." அக்கா கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். "இன்னும் மன்னிக்கலைன்னு நெனச்சிருந்தா, பயந்துக்கிட்டு சாகுற வரைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னாடியே உக்காந்திருப்பேன். மன்னிச்சிட்டார்ங்கிற தைரியத்துலதான் ஏணி கேக்குறேன். சட்டையைப் போடுங்க. நேரமாகுது."

ஏணியின் முன்முனை என் தோளில், பின்முனை அக்காவின் கையில். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். "சும்மா சொல்லிட்டா போதாதா?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"போதாது. சொன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? 'அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு, தம்பி பொண்டாட்டி பழியைத் தன் தலையில போட்டுக்கிறாங்க'ம்பாங்க. அவ இன்னும் கீழே போவா, நான் இன்னும் மேலே போவேன். அம்பைக் காட்டணும்."

கமிட்டி அறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால் ஆலயத்துக்குள்ளேயே, முன்வரிசைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போதகர், செயலாளர், இன்னும் சிலர். வாசல் ஓரத்து பெஞ்சில் வேலை கேட்டு வந்த பெண்கள். கடைசியில் தம்பி மனைவி, மடியில் பையைப் பிடித்தபடி. ஏணியோடு நாங்கள் நுழைந்ததும் அவர் முகம் இறுகியது. எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, இன்னைக்குக் கூட்டம் இருக்கே" என்றார் செயலாளர்.

"கூட்டம் இருக்கறதாலதான் வந்தேன்."

ஏணியைப் பின்சுவரில் சாத்தச் சொல்லி, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அக்கா ஏறினார். நான் அடியைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். கறுத்த துண்டிலும் அதன் பக்கத்துத் துண்டிலும் இருந்த வளையங்களைக் கழற்றிவிட்டார். வெல்வெட் அந்த இடத்தில் சரிந்து இறங்கி, அவர் தலையையும் தோளையும் தடவிக்கொண்டு தரையில் குவிந்தது. இறங்கி வந்து அதன் நடுவில் உட்கார்ந்து, லைனிங்கின் மேல் தையலை வெடுக் வெடுக்கென்று பிரித்தார். பிரிக்கும்போதே பேசினார்.

"ஐயா, இந்தத் துண்டு தலைகீழாப் போனதுக்கு அவ காரணம் இல்ல. நான். அம்பை மாத்திப் போட்டது நான். அவ நான் போட்ட அம்பை நம்பித் தைச்சா. நீங்க கேட்டப்போ, 'தைச்சது நான் இல்ல'ன்னு சொன்னேன். பழி அவமேல போகும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

செயலாளரின் கண் கலங்கிவிட்டது. "அக்கா, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு..."

அக்கா ஏணிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். 'நான் சொல்லலை?' என்பது அந்தப் பார்வை. பிறகு செயலாளரை ஒரு பிடி பிடித்தார். "பெரிய மனசுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! எழுந்து வந்து பாருங்கய்யா. இந்தா, இது பக்கத்துத் துண்டு, அம்பு மேலே பாக்குது. இது நடுத்துண்டு. இதுக்கு இந்த முனையில அம்பே இல்ல, பாருங்க. அடியில இருக்கும்." குவியலை இழுத்து மறுமுனையைத் தேடி, அங்கேயும் லைனிங்கைப் பிரித்தார். கறுப்பு மெழுகில் அம்பு அப்படியே இருந்தது. "இதுதான் மேல்னு சொல்லி வச்சது, அடியைக் காட்டிப் போட்ட அம்பு... இல்ல, இருங்க."

அவரே தடுமாறினார். கையில் பிடித்திருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தைத்தவர் அம்பைப் பார்த்துத் தைத்திருந்தால் அம்பு மேல் முனையில் அல்லவா இருக்க வேண்டும்? எனக்கே குழம்பிற்று. கமிட்டியில் ஒருவர் இருமினார். செயலாளரின் முகத்தில் மறுபடி அந்தப் 'பெரிய மனசு' எட்டிப் பார்த்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை. இவ்வளவு தூரம் வந்து, சொன்ன உண்மையையும் யாரும் நம்பாமல் போய்விடுமோ என்று நானும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன்.

"நீங்க போட்டதே அந்த முனையிலதான்." வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. தம்பி மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "எல்லாத் துண்டுலயும் அம்பைத் தலைப்புல போடுவீங்க. நடுத்துண்டுலயும் தலைப்புலதான் போட்டீங்க, ஆனா அந்தப் பக்கம் நின்னதால முனையை அடிப்பக்கம் திருப்பிட்டீங்க. துண்டு தலைகீழாத் தொங்குறதால தலைப்பு அடிக்கு வந்திருச்சு. அம்பு எந்தக் கோடியில இருக்குன்னு பாக்காதீங்க. அம்போட முனை எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருங்க."

பார்த்தோம். அடியில் கிடந்த அம்பு, பக்கத்துத் துண்டின் அம்பைப் போலவே நிமிர்ந்து மேலே பார்த்தது. அந்தப் பெண் ஒரு நூல் பிசகாமல் அம்புப்படிதான் தைத்திருந்தார். அம்புக்கு மறுபக்கம் ரோமத்தைத் தடவிப் பார்த்த போதகர், "மத்ததுல அம்பு மேலே போகுது, ரோமம் கீழே போகுது. இதுல ரெண்டுமே மேலே போகுது" என்று மெதுவாகச் சொன்னார். செயலாளரும் தடவிப் பார்த்தார். ஒவ்வொருவராக வந்து தடவினார்கள். யாரும் பெரிய மனசைப் பற்றிப் பேசவில்லை.

அக்கா தரையில் கையை ஊன்றி எழுந்து வாசல் பெஞ்சுக்குப் போனார். தம்பி மனைவியும் எழுந்து நின்றார். வயதுக்கு மரியாதை, அவ்வளவுதான். முகம் இளகவில்லை.

"இத்தனை பேர் நடுவுல மன்னிப்புக் கேட்டா, உன்னால இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் அக்கா. "அதனால இங்க கேக்கல. உன் வீட்டுக்கு வந்து கேக்குறேன். கதவைத் திறக்கிறதும் திறக்காததும் உன் இஷ்டம்."

"திறப்பேனான்னு எனக்கே தெரியலக்கா" என்றார் அந்தப் பெண். "ஆஸ்பத்திரியில ஒவ்வொரு விரிப்பா தைக்கும்போது உங்களை நெனச்சுக்கிட்டுத்தான் தைச்சேன். நல்லவிதமா நெனைக்கல."

"நெனச்சது சரிதான். நான் வந்து தட்டுறேன். திறக்கலைன்னா அடுத்த வாரமும் வந்து தட்டுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா வாசலை நோக்கித் திரும்பினார். நான் ஏணியைச் சாய்க்கத் தொடங்கினேன். உள்ளேயிருந்து செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாங்கம்மா, முதல்ல உங்களையே பாத்துடுறோம்" என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டார். மேசையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

தம்பி மனைவி இரண்டடி உள்ளே போனார். நின்றார். திரும்பி அக்காவின் முதுகைப் பார்த்தார். சரிந்து விழுந்த வெல்வெட்டின் சிவப்புத் தூசி, அக்காவின் தலைமுடியிலிருந்து புடவை முதுகு வரை அப்பிக் கிடந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டு, பையைப் பெஞ்சில் வைத்தார். வேகமாக வாசலுக்கு வந்தார். "இப்படியேவா தெருவுல போவீங்க?" என்று கேட்டு, அக்காவின் தோளைப் பிடித்து நிறுத்தி, முதுகில் பட்பட்டென்று அடித்துத் தூசியைத் தட்டினார். கொஞ்சம் ஓங்கியேதான் அடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முதுகு முடிந்தது.

"திரும்புங்க" என்றார் தம்பி மனைவி. அக்கா திரும்பினார். அந்தப் பெண் இப்போது அடிக்காமல், அவர் நெற்றி முடியிலிருந்த தூசியை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.